நீட் தேர்வுக்குத் தயாராகலாமா, எப்படித் தயாராவது? பிள்ளைகளும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவன். பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்த வாரத்தில் தொடங்கும் இந்தக் கேள்விகள், அடுத்தடுத்த ஆண்டு மே மாதம் வரை விடாது. பள்ளி வராந்தாவில் கேட்பார்கள், பஸ் ஸ்டாண்டில் நிறுத்திக் கேட்பார்கள், இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் கேட்பார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை எல்லாம் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

முதலில் தேர்வின் அமைப்பு. 180 கேள்விகள், 180 நிமிடம், 720 மதிப்பெண். உயிரியலில் 90 கேள்வி, வேதியியலில் 45, இயற்பியலில் 45. சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறான விடைக்கு 1 கழியும், விட்டுவிட்டால் பூஜ்யம். நடுவில் சில ஆண்டுகள் 200 கேள்வி கொடுத்து 180க்கு மட்டும் விடை எழுதச் சொன்னார்கள். 2025இல் அந்தச் சலுகை போய்விட்டது. பழைய மாதிரித் தாள்களை வாங்கும்போது இதைப் பார்த்து வாங்குங்கள்.

எல்லாரும் எழுதுகிறார்கள். என் மகளும் எழுதட்டுமா?

அவளுக்கு என்ன படிக்க ஆசை என்று முதலில் கேளுங்கள். எம்பிபிஎஸ், பல் மருத்துவம், சித்தா, ஆயுர்வேதம், ஓமியோபதி என்றால் நீட் இல்லாமல் வழி கிடையாது. மற்றதற்கெல்லாம் இந்தத் தேர்வு தேவை என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் இன்னும் நிறையப் பேர். தமிழ்நாட்டில் பொறியியல் சேர்க்கைக்கு நுழைவுத் தேர்வு 2007லேயே எடுக்கப்பட்டுவிட்டது. பிளஸ் டூவில் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200க்குக் கணக்கிடும் கட்-ஆஃப்தான் அங்கே. வேளாண்மைப் பல்கலைக்கழகம், கால்நடை மருத்துவத்தில் மாநில இடங்கள், அரசு நர்சிங் கல்லூரிகள் இவையும் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே சேர்த்து வந்திருக்கின்றன.

சும்மா எழுதிப் பார்க்கட்டுமே என்பதில் தப்பில்லை. ஆனால் சும்மா எழுதுகிற பிள்ளையைச் சும்மா எழுத விடுங்கள். பாதி மனசோடு கோச்சிங்கில் சேர்த்துவிட்டு முழு மார்க் எதிர்பார்க்கும்போதுதான் வீட்டில் சண்டை வருகிறது.

தமிழ்நாடு அரசே நீட் வேண்டாம் என்கிறது. ஒருநாள் எடுத்துவிட்டால் படித்தது வீணாகாதா?

2016இல் தமிழ்நாட்டுக்கு ஓராண்டு விலக்கு கிடைத்தது. 2017 முதல் நீட் அடிப்படையில்தான் சேர்க்கை. 2021இல் சட்டமன்றம் விலக்கு கேட்டு மசோதா நிறைவேற்றியது, ஆளுநர் திருப்பி அனுப்பினார், 2022 பிப்ரவரியில் மறுபடி நிறைவேற்றினார்கள். அதற்கும் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கிடைக்கவில்லை என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சரே சட்டமன்றத்தில் அறிவித்தார்.

என் கருத்தைக் கேட்டால், இரண்டு வருடப் படிப்பை மூன்று மணி நேரத்தில் எடை போடுவது சரியில்லை, பிளஸ் டூ மதிப்பெண்ணுக்கும் ஓர் இடம் இருக்க வேண்டும் என்றே சொல்வேன். வகுப்பில் அதை வைத்துப் பிள்ளைகளோடு பேசவும் செய்கிறேன். ஆனால் தேர்வு இருக்கிறவரை, மருத்துவம் படிக்க ஆசைப்படும் பிள்ளையிடம் "எடுத்துவிடுவார்கள், பொறு" என்று சொல்ல எனக்கு மனம் வராது. அப்படிச் சொல்லி ஒரு பிள்ளை ஒரு வருடத்தை இழந்தால் அதைத் திருப்பிக் கொடுக்க என்னால் முடியாது. படித்தது எப்படியும் வீணாகாது. பதினொன்றாம், பன்னிரண்டாம் பாடம்தானே.

பிளஸ் டூவில் 550 எடுக்கிற பிள்ளை நீட் மாதிரித் தேர்வில் 200ஐத் தாண்டவில்லை. எப்படி?

இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான கேள்வி. ஒரு கணக்கு சொல்கிறேன்.

ஒரு பந்தை நேராக மேலே நொடிக்கு 40 மீட்டர் வேகத்தில் எறிகிறோம். மேலே ஏறும்போது, கடைசி ஒரு நொடியில் அது எவ்வளவு தூரம் ஏறியிருக்கும்? புவியீர்ப்பு முடுக்கம் 10 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என் வகுப்பில் இதைக் கரும்பலகையில் எழுதியதும் நல்ல பிள்ளைகள் எல்லாம் தலையைக் குனிந்துகொண்டு எழுத ஆரம்பித்தார்கள். உச்சியை அடைய 4 நொடி. மொத்த உயரம் 80 மீட்டர். 3 நொடியில் ஏறிய உயரம் 75 மீட்டர். கழித்தால் 5. ஒவ்வொரு படியும் சரி, பொதுத் தேர்வில் முழு மார்க். இரண்டரை நிமிடம் ஆனது. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் பேனாவே எடுக்காமல் "அஞ்சு சார்" என்றான். எப்படிடா என்றேன். "மேலே போகிறதைத் திருப்பிப் போட்டுப் பார்த்தேன் சார். உச்சியிலிருந்து கீழே விழுந்தால் முதல் நொடியில் அஞ்சு மீட்டர். ஏறினாலும் அதேதானே?" என்றான். அவன் சொன்ன வழியில் 40 என்ற எண்ணே தேவையில்லை. 100 மீட்டர் வேகத்தில் எறிந்தாலும் விடை 5தான்.

நீட்டில் இந்தக் கேள்விக்கு ஒரு நிமிடம்தான் இருக்கிறது. அதற்குள் வட்டத்தையும் நிரப்ப வேண்டும். நம் பிள்ளைகள் புக் பேக் கேள்விகளை அச்சு மாறாமல் எழுதிப் பழகியவர்கள். கேள்வி எந்த உருவத்தில் வரும் என்று தெரிந்தால் அசத்துவார்கள், உருவம் மாறினால் திணறுவார்கள். இது அறிவுக் குறைவு கிடையாது, பழக்கம்தான். பழக்கம் என்பதால் மாற்றவும் முடியும். ஒவ்வொரு பாடம் முடிந்ததும், அதே வாரத்தில், அந்தப் பாடத்திலிருந்து பழைய நீட் கேள்விகள் இருபதாவது போட்டுப் பார்க்க வேண்டும். பொதுத் தேர்வு முடியட்டும், அப்புறம் நீட் பார்க்கலாம் என்று தள்ளிவைத்தால், கையில் கிடைப்பது மார்ச் கடைசிக்கும் மே முதல் வாரத்துக்கும் நடுவில் உள்ள ஐந்தாறு வாரம்தான்.

எப்போது ஆரம்பிக்க வேண்டும்? ஆறாம் வகுப்பிலிருந்தே பவுண்டேஷன் கோர்ஸ் என்கிறார்களே?

பதினொன்றாம் வகுப்பின் முதல் நாளிலிருந்து போதும். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு விளையாட்டும் கதைப் புத்தகமும் போதும்.

பதினொன்றாம் வகுப்பை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நீட்டில் ஏறக்குறைய பாதிக் கேள்வி அந்த வகுப்புப் பாடத்திலிருந்து வரும். ஒரு காலத்தில் பல பள்ளிகளில் பதினொன்றாம் பாடத்தை ஓரங்கட்டிவிட்டு முதல் வருடத்திலேயே பன்னிரண்டை நடத்தினார்கள். 2017-18இல் பதினொன்றுக்கும் பொதுத் தேர்வு வந்த பிறகு அது குறைந்தது. 2025-26 முதல் அந்தப் பொதுத் தேர்வை எடுத்துவிட்டார்கள். பிள்ளைகளின் சுமை குறைந்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் பழைய பழக்கம் திரும்பி வராமல் பெற்றோர் கவனிக்க வேண்டும். ஆகஸ்டு மாதம் ஒருநாள் பிள்ளையின் பதினொன்றாம் வகுப்பு இயற்பியல் நோட்டை வாங்கிப் பாருங்கள். வெக்டரும் இயக்கவியலும் எழுதியிருந்தால் சரி. வெறுமையாக இருந்தால் பள்ளிக்குப் போய்க் கேளுங்கள்.

கோச்சிங் சென்டரில் சேர்த்தே ஆக வேண்டுமா? லட்சக்கணக்கில் கேட்கிறார்கள்.

சேர்த்தே ஆக வேண்டும் என்பதில்லை. கோச்சிங்கில் உண்மையிலேயே கிடைப்பவை மூன்று: நேரக் கட்டுப்பாடு, வாராவாரம் தேர்வு, கூடப் படிக்கும் கூட்டம். பாடம் நான்காவதாகத்தான் வரும். முதல் மூன்றை வீட்டிலோ பள்ளியிலோ உண்டாக்க முடிந்தால் அந்தப் பணம் மிச்சம். எங்கள் பள்ளியில் ஐந்து பிள்ளைகள் சனிக்கிழமை மதியம் காலி வகுப்பறையில் உட்கார்ந்து, ஒருவர் கடிகாரம் பார்க்க, மற்றவர்கள் தாள் எழுதினார்கள். செலவு ஜெராக்ஸ் காசு மட்டும். அரசுப் பள்ளிகளில் நடக்கும் இலவச நீட் பயிற்சியையும் விடாதீர்கள்.

வீட்டில் படிக்க இடமோ அமைதியோ இல்லை, பள்ளியில் அந்தப் பாடத்துக்கு ஆசிரியர் பணியிடம் காலி என்றால் நிலைமை வேறு. அப்போது கோச்சிங் உதவும். ஆனால் நகையை அடகு வைத்தோ, நிலத்தை விற்றோ சேர்க்காதீர்கள். அந்தக் கடன் பிள்ளையின் தலையில்தான் உட்காரும். தேர்வு அறையில் இயற்பியல் கேள்வியைப் பார்க்கும்போது அம்மாவின் வளையல் ஞாபகம் வந்தால் அந்தப் பிள்ளை எப்படி யோசிக்கும்? சேருவதற்கு முன் இரண்டு விஷயம் விசாரியுங்கள். ஒன்று, ஒரு வகுப்பில் எத்தனை பேர். இரண்டு, நடுவில் விலகினால் கட்டணம் எவ்வளவு திரும்பும். இரண்டாவதை எழுத்தில் வாங்குங்கள்.

தமிழ் வழியில் படித்தவர்கள் தமிழில் எழுதலாமா? எந்தப் புத்தகம்?

தாராளமாக எழுதலாம். விண்ணப்பிக்கும்போதே தமிழ் என்று தேர்ந்தெடுக்க வேண்டும், அப்புறம் மாற்ற முடியாது. வினாத்தாளில் ஆங்கிலம், தமிழ் இரண்டும் இருக்கும். இரண்டுக்கும் முரண்பாடு வந்தால் ஆங்கிலக் கேள்விதான் இறுதி என்பது விதி. இது வெறும் விதி இல்லை, நம் பிள்ளைகள் அடிபட்ட இடம். 2018இல் தமிழ் வினாத்தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை என்று வழக்குப் போனது. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 196 கருணை மதிப்பெண் தரச் சொன்னது, உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அந்தப் பிள்ளைகளுக்குக் கடைசியில் ஒன்றும் கிடைக்கவில்லை.

அதனால் தமிழில் எழுதுங்கள், ஆனால் கலைச்சொற்களை இரண்டு மொழியிலும் படியுங்கள். உந்தம் என்றால் மொமன்டம், நிலைமம் என்றால் இனர்ஷியா என்று ஒரு நோட்டில் எதிரெதிரே எழுதிக்கொண்டே வாருங்கள். ஒரு நாளைக்கு ஐந்து சொல் போதும். தமிழ்க் கேள்வி குழப்பினால் கண் உடனே பக்கத்திலுள்ள ஆங்கிலக் கேள்விக்குப் போக வேண்டும்.

புத்தகத்தைப் பொறுத்தவரை, கேள்விகள் என்சிஇஆர்டி (மத்திய அரசின் பாடநூல்) வரிகளை ஒட்டியே வருகின்றன, முக்கியமாக உயிரியலில். ஆங்கிலம் ஓரளவு வாசிக்க வருகிறவர்கள் என்சிஇஆர்டி உயிரியலை வரி வரியாக, படத்தின் கீழுள்ள குறிப்பு வரை படியுங்கள். தமிழ் வழிப் பிள்ளைகளுக்கு 2018, 2019இல் வந்த நம் மாநிலப் புதிய பாடநூல்கள் நல்ல அடித்தளம். பாடத்திட்டப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு எது இருக்கிறது, எது இல்லை என்று டிக் போட்டுக்கொள்ளுங்கள். ஐந்து கைடு வாங்குவதைவிட ஒரு புத்தகத்தை ஐந்து முறை படிப்பது மேல்.

எந்தப் பாடத்துக்கு அதிக நேரம் கொடுக்கலாம்?

இயற்பியல் ஆசிரியனாக இருந்துகொண்டு சொல்கிறேன், முதலில் உயிரியல். 720இல் 360 அங்கே இருக்கிறது. உயிரியலில் 75 சரி, 10 தவறு என்றால் 290. வேதியியலில் 25 சரி, 8 தவறு என்றால் 92. இயற்பியலில் 18 சரி, 7 தவறு என்றால் 65. மொத்தம் 447. இயற்பியலில் பாதிகூடச் சரியாகப் போடாத பிள்ளை எடுத்த மதிப்பெண் அது. இயற்பியலைப் பார்த்துப் பயந்து மருத்துவக் கனவையே விட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். இந்தக் கணக்கை யாராவது முன்பே அவர்களுக்குப் போட்டுக் காட்டியிருக்கலாம்.

மாதிரித் தேர்வு எத்தனை எழுத வேண்டும்?

எத்தனை எழுதினாய் என்பதைவிட, எழுதிய பிறகு என்ன செய்தாய் என்றுதான் நான் கேட்பேன். நூறு மாதிரித் தேர்வு எழுதி ஒரே மதிப்பெண்ணில் நின்றவர்கள் உண்டு. இருபது எழுதி நூற்றைம்பது மார்க் ஏறியவளும் என் வகுப்பில் இருந்தாள். அவள் ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருந்தாள். இடது பக்கம் தவறான கேள்வியின் எண், வலது பக்கம் ஏன் தவறியது என்று ஒரே வரி. "பாடம் தெரியாது." "கூட்டலில் பிழை." "தவறான கூற்று எது என்று கேட்டிருந்தது, சரியானதைக் குறித்தேன்." ஒரு மாதம் கழித்து எண்ணிப் பார்த்தபோது, மூன்றாவது வகைத் தவறு மட்டும் தாளுக்கு ஏழெட்டு இருந்தது. அதாவது நன்றாகத் தெரிந்த பாடத்தில், கேள்வியை அவசரமாகப் படித்ததால் ஒவ்வொரு தாளிலும் முப்பது மார்க்குக்கு மேல் போய்க்கொண்டிருந்தது. அன்றிலிருந்து "தவறான", "பொருந்தாத" என்ற சொல்லைப் பார்த்ததும் வினாத்தாளில் அதைச் சுற்றி வட்டம் போட ஆரம்பித்தாள். புதிதாக ஒரு பாடமும் படிக்காமலே மார்க் ஏறியது.

மூன்று மணி நேரம் தேர்வு எழுதினால் மூன்று மணி நேரம் அந்தத் தாளோடு உட்காருங்கள். வாரம் ஒரு முழுத் தேர்வு, கடைசி மாதத்தில் இரண்டு மூன்று. அதையும் மதியம் 2 மணியிலிருந்து 5 மணி வரை எழுதுங்கள். உண்மையான தேர்வு அந்த நேரத்தில்தான். சாப்பிட்டதும் தூக்கம் வரும் உடம்பைப் பழக்க அதைவிட வேறு வழியில்லை.

தெரியாத கேள்விக்குக் குத்துமதிப்பாகக் குறிக்கலாமா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒன்றுமே தெரியாமல் நான்கு கேள்விக்குக் குறித்தால், சராசரியாக ஒன்று சரி, மூன்று தவறு: 4 கழித்தல் 3, கையில் 1. ஒரு விடையை உறுதியாக நீக்க முடிந்தால், மூன்று கேள்வியில் ஒன்று சரி: 4 கழித்தல் 2, கையில் 2. இரண்டை நீக்கிவிட்டால், இரண்டு கேள்வியில் ஒன்று சரி: 4 கழித்தல் 1, கையில் 3. ஆக, இரண்டை நீக்க முடிந்தால் தயங்காமல் குறியுங்கள். கேள்வியே புரியவில்லை என்றால் விட்டுவிடுங்கள், அந்த ஒரு மார்க் சராசரிக் கணக்குதான், உங்கள் தாளில் அது வரும் என்று உறுதியில்லை.

ஓஎம்ஆர் தாளில், அதாவது வட்டம் நிரப்பும் விடைத்தாளில், என்ன கவனிக்க வேண்டும்?

பேனாவால் நிரப்பியதை மாற்ற முடியாது. என் மாணவன் ஒருவன் 47ஆம் கேள்வியை விட்டுவிட்டு, 48இன் விடையை 47இன் வரிசையில் நிரப்பினான். அறுபதில்தான் கவனித்தான். விட்ட கேள்வியின் எண்ணை வினாத்தாளில் சதுரம் போட்டுக் குறித்துவிட்டு நகருங்கள். எல்லாவற்றையும் கடைசியில் நிரப்பலாம் என்று வைக்காதீர்கள். பக்கத்துக்குப் பக்கம் நிரப்புவது பாதுகாப்பு. வீட்டில் எழுதும் மாதிரித் தேர்வுக்கும் ஓஎம்ஆர் தாளை ஜெராக்ஸ் எடுத்து நிரப்பிப் பழகுங்கள்.

7.5 சதவீத ஒதுக்கீடு யாருக்கு?

ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. 2020இல் வந்த சட்டம் இது. கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் தனியார் பள்ளியில் எட்டு வரை படித்துவிட்டு, ஒன்பது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களும் இதில் வருவார்கள். அரசு உதவி பெறும் பள்ளிகள் வராது. இதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தை அரசே ஏற்கிறது. பத்தாம் வகுப்புக்கு மட்டும் தனியார் பள்ளிக்கு மாற்றிவிட்டுத் திரும்பச் சேர்த்தவர்கள் இந்த ஒதுக்கீட்டை இழந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். மாற்றும் முன் யோசியுங்கள்.

கல்லூரியில் சேராமல் மறுபடி நீட்டுக்குப் படிக்க ஒரு வருடம் டிராப் எடுக்கலாமா?

நீட் எழுத இத்தனை முறைதான் என்று வரம்பு இல்லை, வயது உச்சவரம்பும் இல்லை. சேரும் ஆண்டின் டிசம்பர் 31க்குள் 17 வயது முடிந்திருந்தால் போதும். அதனால்தான் இந்த முடிவு கஷ்டமாகிறது. கதவு திறந்தே இருப்பதால் எப்போது நகர்வது என்று தெரியாமல் போகிறது.

நான் இப்படிச் சொல்வேன். முதல் முறை பாதிப் பாடம்கூட முடிக்காமல் போய் எழுதியிருந்தால், ஒரு வருடம் எடுப்பதில் அர்த்தம் உண்டு. முழுமையாகப் படித்து, இருபது மாதிரித் தேர்வு எழுதி, தேவையான மதிப்பெண்ணுக்கு 150 குறைந்திருந்தால், அடுத்த வருடம் எதை வேறுவிதமாகச் செய்யப் போகிறாய் என்பதற்கு எழுத்தில் பதில் வேண்டும். இரண்டாவது டிராப் என்றால் என் பதில் பெரும்பாலும் வேண்டாம் என்பதுதான். கல்லூரியில் சேர்ந்துகொண்டே இன்னொரு முறை எழுதுங்கள்.

போன வருடக் கட்-ஆஃபை வைத்து முடிவெடுக்காதீர்கள். 2024இல் முதலில் 67 பேருக்கு 720க்கு 720 வந்தது. 2025இல் இயற்பியல் கடினமாக இருந்தது, நாட்டிலேயே முதலிடம் 686. ஒரே வருடத்தில் அளவுகோலே மாறிப்போனது.

பிள்ளை சரியாகத் தூங்கவில்லை, பேசவில்லை. தேர்வு முடிந்தால் சரியாகிவிடுமா?

காத்திருக்காதீர்கள். அன்றைக்கே பேசுங்கள். "நீ டாக்டர் ஆகாவிட்டாலும் இந்த வீட்டில் ஒன்றும் குறையாது" என்பதை அப்பாவின் வாயால் ஒரு முறை கேட்ட பிள்ளைக்கும் கேட்காத பிள்ளைக்கும் உள்ள வித்தியாசத்தை நான் வகுப்பில் முகத்திலேயே பார்த்திருக்கிறேன். அக்கம்பக்கத்தில் யார் எவ்வளவு எடுத்தார்கள் என்ற பேச்சை நிறுத்துங்கள். மனநல ஆலோசனைக்கு 104 என்ற எண்ணிலும், டெலி மானஸ் 14416 என்ற எண்ணிலும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. இந்த எண்களைப் பிள்ளையின் நோட்டில் எழுதி வையுங்கள், சங்கடப்பட ஒன்றுமில்லை. நன்றாகப் படிக்கும் பிள்ளைகளுக்குத்தான் இது அதிகம் தேவைப்படுகிறது.

தேர்வு நாளில் என்ன கொண்டு போக வேண்டும்?

ஹால் டிக்கெட், அதில் கேட்டபடி ஒட்டிய புகைப்படங்கள், அசல் அடையாள அட்டை, உள்ளே தெரியும் தண்ணீர் பாட்டில். பேனா உள்ளேயே கொடுப்பார்கள். அரைக்கை உடை, ஷூ வேண்டாம், செருப்பு போதும். தோடு, செயின், வளையலை வீட்டிலேயே கழற்றிவிடுங்கள். வாசலில் கழற்றச் சொன்னால் அந்தப் பதற்றம் முதல் அரை மணி நேரத்தைத் தின்றுவிடும். 1.30க்குக் கதவு மூடும். மையம் வேறு ஊர் என்றால் முதல் நாளே போய் இடத்தைப் பார்த்துவிடுங்கள்.

ரிசல்ட் வந்துவிட்டது. அழைப்பு தானாக வருமா?

வராது. இரண்டு விண்ணப்பம் தனித்தனியாகப் போட வேண்டும். அரசுக் கல்லூரிகளின் 15 சதவீத அகில இந்திய இடங்களுக்கு மத்திய அரசின் கலந்தாய்வுக் குழு, மீதி இடங்களுக்கு சென்னையில் உள்ள மாநிலத் தேர்வுக் குழு. நீட் விண்ணப்பமே போதும் என்று நினைத்து மாநில விண்ணப்பத்தைத் தவறவிட்டவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள்.

சான்றிதழ்களையும் முன்கூட்டியே பாருங்கள். மாநில இடங்களுக்கு நம் பிசி, எம்பிசி சாதிச் சான்று போதும், வருமான வரம்பு கிடையாது. அகில இந்திய இடங்களில் ஓபிசி ஒதுக்கீடு வேண்டுமென்றால் மத்தியப் பட்டியலில் உங்கள் சாதி இருக்கிறதா என்று பார்த்து, கிரீமிலேயர் (வசதி படைத்த பிரிவு) இல்லை என்ற தனிச் சான்று வாங்க வேண்டும். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிலும் ஆதாரிலும் பெயரும் இனிஷியலும் ஒன்றாக இருக்கிறதா என்று எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். ஒன்றில் இனிஷியல், இன்னொன்றில் அப்பாவின் முழுப் பெயர் என்று இருந்தால் இப்போதே சரிசெய்யுங்கள். ஜூன் மாதம் இ-சேவை மையத்திலும் தாலுகா ஆபீசிலும் ஊரே வரிசையில் நிற்கும். பிப்ரவரியில் போனால் ஒரு வாரத்தில் கைக்கு வந்துவிடும்.